உற்பத்தியாளர் பொறுக்கு

செப்டம்பர் 14, சனி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். சில வரிகள் கோட்டுக்கு மேலே ஏறும், சில கீழே இறங்கும். ‘ழ’ எழுதும்போது பேனாவை எங்கே திருப்புவது என்று யோசிப்பதற்குள் மை ஊறி அந்த இடம் குளமாகிவிடுகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. ஆனாலும் இது நானே எழுதியது. எனக்கே நம்ப முடியவில்லை.

என் பெயர் ஐகோர்ட்டு. எங்கள் பக்கம் அந்தப் பெயரில் சாமி இருக்கிறது, பிள்ளைகளுக்கு வைப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஐகோர்ட்டு என்று உப்பளத்தில் வேலை பார்த்த காலத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து இந்த வருடம் பாஸ் செய்தேன். கிடைக்கிற பொழுதில் நடந்ததை எழுதுங்கள், சனிக்கிழமை கொண்டு வந்து காட்டுங்கள் என்று ஞானப்பூ டீச்சர் சொல்லியிருக்கிறார்.

நானும் என் மனைவி செல்லக்கனியும் பேரூராட்சியின் குப்பை பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தோம். இப்போது நான் மட்டும் போகிறேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. கொட்டகை வாசலில் பச்சைப் பலகை ஒன்று உண்டு. அதன் அடியில்தான் இத்தனை வருடம் சைக்கிளை நிறுத்தினேன். போன மாதம்தான் அதை வாசித்தேன். ‘வளம் மீட்பு பூங்கா’. பூங்கா என்று தெரிந்திருந்தால் முன்பே ஒரு செடி வைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து செல்லக்கனியிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு இருமல் வந்தது. இதை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவளுக்கு எழுத்து தெரியாது.

செப்டம்பர் 18, புதன்

இன்று எழுதிப் பழகியது வெங்காயம். வாங்கி வந்ததும் வெங்காயம். இரண்டும் நன்றாக வந்தன.

செப்டம்பர் 21, சனி

கொட்டகைக்கு வருகிற குப்பையில் பாட்டிலுக்கு ஆள் உண்டு, அட்டைக்கு ஆள் உண்டு, பால் கவருக்கும் பழைய சாமான் எடுக்கிற ஆக்கர்கடைக்காரர் வருவார். யாரும் வராதது ஒன்றுக்குத்தான். சிப்ஸ், மிக்சர் அடைத்து வருகிற கவர். வெளியே வண்ணம், உள்ளே வெள்ளி போலப் பளபளப்பு. பிளாஸ்டிக்கும் தகடும் ஒட்டியிருப்பதால் உருக்க முடியாதாம். நாங்கள் சில்வர் கவர் என்போம். பிரித்து வைப்போம். அது மலையாகும். மலையானதும் சூப்பர்வைசர் ஆத்தியப்பன் பின்பக்கம் தள்ளித் தீ வைப்பார்.

பின்பக்கம் என்பது எங்கள் தெரு.

நேற்று அவரிடம் போய், “தம்பி, இந்த வாரம் மட்டும் விட்டுவைக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“அண்ணாச்சி, எனக்கு மட்டும் ஆசையா? எடம் இல்ல. ஆபீஸ்ல கேட்டா, அகற்றுங்கங்காக. எங்கன்னு கேட்டா போனை வச்சுருதாக. நான் தலையிலயா சொமந்துட்டுப் போவேன்?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தீ வைக்கிறார்.

செல்லக்கனியைப் பார்த்த டாக்டர் அம்மா, “இந்தப் புகையில இருந்தா மருந்து கேக்காது. எங்கயாவது கொஞ்ச காலம் கொண்டு விடுங்க” என்றார். மகள் ஜெயக்கொடி திருப்பூரில் இருக்கிறாள். பனியன் கம்பெனி. லைன் வீடு, ஒரே அறை. மாமியாரும் அதிலேதான். அம்மாவுக்கு ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும், எனக்கு இருக்காது. அவள் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனில் வெயில் எப்படி, மழை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவை மட்டும் கூட்டிப் போ என்று நானே சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

செல்லக்கனி இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். பழகிவிட்டது என்கிறாள்.

மேலே உள்ளதை அவளுக்கு வாசிக்கும்போது ஆத்தியப்பன் வரை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். “இவ்வளவு பெரிய பக்கத்துல இம்புட்டுதானா இருக்கு?” என்று கேட்டாள். என் எழுத்து பெரிது என்றேன்.

செப்டம்பர் 28, சனி

எனக்கு வாசிப்பதற்குப் புத்தகம் தேவையில்லை. கொட்டகையில் எழுத்து கொட்டிக் கிடக்கிறது. கையில் எடுப்பதை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் போடுகிறேன். பக்கத்தில் பிரிக்கிற மரியபுஷ்பம், “அண்ணாச்சி, நீங்க குப்பை பிரிக்கியளா, பரீட்சைக்குப் படிக்கியளா?” என்கிறாள். சோப்பு, ஊதுபத்தி, சேமியா. நல்ல வார்த்தைகள்.

சில்வர் கவரில் அதிகம் வருவது ‘மயில்கொண்டை சிப்ஸ்’. முன்பக்கம் சீக்கிரம் வாசித்துவிட்டேன். பின்பக்கம் எழுத்து எறும்பு போல இருந்தது. ஒரு கவரைக் கழுவி வகுப்புக்கு எடுத்துப் போனேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இது தயாரிப்பவர் பெயர், இது ஊர், பக்கத்து ஊர்தான். இது அரசாங்கத்தில் பதிந்துகொண்ட எண்.

“எதுக்கு டீச்சர் பதியணும்?”

“கவர்ல அடைச்சு விக்கிற கம்பெனி, அந்தக் கவரு குப்பையானதுக்கு அப்புறமும் அதுக்குப் பொறுப்புன்னு சட்டம் இருக்குங்கய்யா. எவ்வளவு கவரு வெளியில விடுதாங்களோ அதுக்குத் தக்கபடி திரும்ப எடுத்து மறுசுழற்சி பண்ணணும். பண்ணுனோம்னு வருஷா வருஷம் காட்டணும்.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்த எண் இத்தனை நாளும் என் கையில் இருந்திருக்கிறது. தினமும் தொட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து செல்லக்கனியிடம், “அந்தக் கவருக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்களாம்” என்றேன்.

“அப்போ வந்து எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க” என்றாள். அவளுக்கு எல்லாமே எளிது.

அக்டோபர் 3, வியாழன்

வேலை முடிந்து பேருந்து நிலையம் போனேன். பலகைகள் வாசித்துப் பழகத்தான். திருச்செந்தூர், சாத்தான்குளம், நாசரேத் எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தன. திருப்பூர் மட்டும் கஷ்டமாக இருந்தது. வண்டி கிளம்பிப் போகிற வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெயக்கொடியின் முகவரியையும் பலமுறை எழுதிப் பழகினேன். தபால் எழுத வேண்டி வந்தால் பிழை இருக்கக் கூடாது.

அக்டோபர் 9, புதன்

இன்று நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் டீச்சர் நடந்ததைத்தான் எழுதச் சொன்னார்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம். கடைக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், நாங்கள், எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேடையில் பெரிய பேனர். கவர் சட்டத்தைப் பற்றி ஓர் அதிகாரி விளக்கினார். பிறகு டீச்சரைப் பார்த்து, உங்கள் வகுப்பில் புதிதாக எழுத்துப் படித்தவர் யாராவது இந்தப் பேனரை வாசிக்கட்டுமே என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. துண்டைச் சரி செய்துகொண்டு போய் நின்றேன்.

‘நீட்டிக்கப்பட்ட’ வந்துவிட்டது. ‘உற்பத்தியாளர்’ கடினம், அதுவும் வந்துவிட்டது. அடுத்த வார்த்தை ‘பொறு’ என்று தொடங்கியது. தெரிந்த வார்த்தைதானே என்று மீதியைப் பார்க்காமலே முடித்துவிட்டேன்.

“நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுக்கு.”

கூடமே சிரித்தது. பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. ப்பு. எனக்கு க்கு வந்துவிட்டது. நான் என்ன செய்ய, பொறுக்குவது என் வேலை. என் வாய்க்கு அந்தப் பாதைதான் தெரியும்.

இறங்கி வரும்போது மரியபுஷ்பம் எழுந்துவிட்டாள். “எதுக்குச் சிரிக்கிய? எழுத்து தப்புன்னாலும் அர்த்தம் சரிதான? அவுக கவரு, அவுக வந்து பொறுக்கட்டும்.”

இன்னும் பெரிய சிரிப்பு. மயில்கொண்டை கம்பெனியிலிருந்து வந்த மேனேஜர் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து பதமாகத்தான் பேசினார். சட்டம் சொன்னதை அவர்கள் முழுவதும் செய்துவிட்டார்களாம். வடக்கே பதிவு பெற்ற ஒரு கம்பெனி இவர்கள் பெயரில் அதே எடைக்குக் கவர் எடுத்து மறுசுழற்சி செய்து சான்றிதழ் கொடுக்கிறதாம். “எங்க கவரையே எடுக்கணும்னு இல்லைங்க. எந்த ஊர்ல எடுத்தாலும் சட்டத்துக்கு ஒண்ணுதான்.”

அதிகாரியும் ஆமாம் என்றார்.

“அந்த ஊர்ல பொறுக்குனா இந்த ஊர்ல பொக அடங்குமாய்யா?” என்று மரியபுஷ்பம் கேட்டாள். அதற்குள் டீ வந்துவிட்டது.

வீட்டில் இதை முழுவதும் வாசித்தேன். செல்லக்கனி சிரிக்கவில்லை. “மேடையில ஏறுனியள்லா. அது போதும்” என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

டீக்கடையில் என்னைப் பார்த்து, “வே, பொறுக்கு வந்துட்டாரு, ஒரு டீ போடும்” என்கிறார்கள். பழைய ஐகோர்ட்டு கேலிக்கு இது பரவாயில்லை.

ப்பு ப்பு ப்பு ப்பு. ஒரு பக்கம் எழுதினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மரியபுஷ்பத்தின் நாத்தனார் மயில்கொண்டையில் பாக்கெட் ஒட்டுகிற வேலை பார்க்கிறாள். அவள் போய் இந்தக் கதையைச் சொல்ல, அங்கே எல்லாப் பெண்களும் கவர் ரோலைப் பார்த்தால், “பொறுக்கு வந்துருக்கு, எறக்குங்க” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். முதலாளி அம்மா காதில் விழுந்துவிட்டது.

இன்று காலை கொட்டகை வாசலில் கார் வந்து நின்றது. நடுவயது அம்மா. “பொறுக்குன்னு வாசிச்சவுக யாரு?” என்று கேட்டார். நான்தான் என்றேன். பெயர் அன்னத்தாய். அவர்தான் மயில்கொண்டை.

சில்வர் கவர் மலையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எங்கே பார்த்தாலும் அவருடைய மயில். பின்பக்கம் பழைய சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

“சட்டப்படி நாங்க தப்பு பண்ணல அண்ணாச்சி.”

“தெரியும்மா. அதிகாரியும் சொன்னாக. எம் பொஞ்சாதிக்கு மூச்சு முட்டுது, அதான்.”

“வீடு எங்க?”

கையைக் காட்டினேன். நடந்தே வந்துவிட்டார்.

செல்லக்கனி விடவில்லை, காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். நான் போடுகிறேன் என்றேன், “நீங்க போட்டா அவுக திரும்ப வரமாட்டாக” என்றாள். தண்ணீர் எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தாள். கருப்பட்டியைத் தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அன்னத்தாய் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காப்பிக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கும் இன்றுதான் தெரிந்தது. தினமும் நான் வேலைக்குப் போன பிறகுதானே அவள் போடுகிறாள்.

டம்ளரை நீட்டி, “ஒங்க சிப்ஸ் ரொம்ப ருசி. எனக்கு இப்ப எண்ணெ ஆவாது” என்று செல்லக்கனி சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்.

போகும்போது சொன்னார். சான்றிதழ் எப்படியும் வருடா வருடம் வேண்டும். அதை இந்தக் கவருக்கே வாங்கினால் என்ன என்று பார்க்கிறாராம். பதிவு பெற்ற ஆள் ஒருவர் சில்வர் கவரைச் சிமெண்ட் ஆலைக்கு எடுத்துப் போவாராம், சூளைக்கு எரிபொருளாக. சட்டம் அதையும் ஏற்கிறதாம்.

“அங்கயும் எரிக்கத்தானம்மா செய்வாக?”

“அது மூடுன சூளை அண்ணாச்சி. பொகையப் புடிக்க மிஷின் வச்சிருக்காக. இப்படித் திறந்தவெளியில இல்ல. ஆனா ஒண்ணு, கவரு ஈரமா இருந்தா எடுக்க மாட்டாக. மண்ணும் ஆவாது.”

சனிக்கிழமை, இருபத்தாறாம் தேதி லாரி வரும். ஆத்தியப்பனிடம் அதுவரை தீ வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர், “லாரி வந்தா நான் எதுக்கும்மா தீப்பெட்டியத் தேடுதேன்?” என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. கொட்டகையின் மேற்கூரையில் ஓட்டை. மலை முழுவதும் நனைந்துவிட்டது. ஒவ்வொரு கவருக்குள்ளும் தண்ணீர்.

இனி எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

நேற்றும் இன்றும் நல்ல வெயில். கவரைக் காயவைத்தோம்.

மரியபுஷ்பம்தான் வழி சொன்னாள். கவரை வெட்டி விரித்து, துடைத்து, கருவாடு காயப்போடுகிற மாதிரி வலை விரித்து அதன்மேல் பரப்பினோம். வலை போதவில்லை. தெருவில் எல்லா வீட்டுத் துணிக்கொடியிலும் தொங்கவிட்டோம். துணிக் கிளிப் போதவில்லை. ஈர்க்குச்சி குத்தினோம். தெரு முழுவதும் வெள்ளிப் பளபளப்பு. வழியாகப் போன பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

செல்லக்கனியைத் தூசி பக்கம் வராதே என்று சொல்லியிருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆடு வந்து கவரைத் தின்னாமல் கம்பு வைத்து விரட்டினாள். “அந்தா, அந்தா, மூணாவது கொடியில பறக்கப் போவுது” என்று எல்லோரையும் வேலை வாங்கினாள். ஆத்தியப்பனைக்கூட. “ஏல ஆத்தி, நிக்கியே, அதப் புடி.” அவர் பிடித்தார்.

பேசும்போது இரண்டு தடவைதான் நிறுத்தினாள். புகை இல்லாமல் ஒன்பது நாள் ஆகிறது. நான் எண்ணவில்லை, காலண்டர் எதிரே இருக்கிறது.

அக்டோபர் 26, சனி

லாரி வந்தது. போனது.

கொட்டகையில் தரை தெரிகிறது. சிமெண்ட் தரை. எனக்கு அது மண் தரை என்று நினைப்பு.

அக்டோபர் 30, புதன்

ஜெயக்கொடி வந்துவிட்டாள். அம்மா முகம் தெளிந்திருக்கிறது என்கிறாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஒரு லாரியை நம்பி அம்மாவை விட்டுப்போக முடியாது என்கிறாள். அவள் சொல்வது நியாயம். இரண்டு சேலை, மருந்து, போர்வை எல்லாம் பையில் வைத்தாயிற்று. நான்தான் மடித்து வைத்தேன்.

அவள் இல்லாதபோது யாருக்கு வாசிப்பேன் என்று ஒரு யோசனை வந்தது. டீச்சர் இருக்கிறார்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக் குப்பை. ஊர் தின்ற பலகாரம் எல்லாம் கவராக வந்து இறங்கிவிட்டது. இரண்டே நாளில் பழைய மலை. லாரி வாரா வாரம் சனிக்கிழமை காலை வரும் என்று சொல்லியிருந்தார்கள். காலை போனது. மதியம் போனது. நாளைக்கு வருகிற குப்பைக்கு இடம் இல்லை.

ஆத்தியப்பன் வந்து என் பக்கத்தில் நின்றார். “அண்ணாச்சி, தப்பா நெனைக்காதியும். சாயங்காலம் வரை பாக்கேன்.” அதற்கு மேல் அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். போய்ப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தேன். வருகிற வண்டியின் எழுத்தை எல்லாம் வாசித்தேன். தண்ணீர் வண்டி. உப்பு லாரி. பால் வண்டி.

ஆத்தியப்பன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மலையைப் பின்பக்கம் தள்ள மண்வெட்டியை எடுத்தபோது ஹார்ன் கேட்டது. லாரிதான். டிரைவருக்குப் பக்கத்தில் அன்னத்தாய் அம்மா. பண்டிகைக்கு டிரைவர் ஊருக்குப் போய்விட்டாராம். வேறு ஆள் தேடி, வழி தெரியாத ஆளைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். இறங்கியதும் சேலையைச் செருகிக்கொண்டு, கீழே சிதறிக் கிடந்த கவர்களைக் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டார்.

மரியபுஷ்பம் என் காதருகே, “இப்ப அந்தப் பேனரை வாசிங்க அண்ணாச்சி” என்றாள். நான் வாசிக்கவில்லை. நானும் குனிந்தேன்.

வீட்டுக்குப் போனபோது செல்லக்கனி வாசலில் நின்று லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பையைத் திறந்து போர்வையை எடுத்தாள்.

“ஏட்டி, நான் இப்ப வரல” என்றாள்.

“என்னம்மா, டிக்கெட் எடுத்தாச்சு.”

“ஒண்ணக் குடுத்துரு. இந்த வாரம் லாரி வந்துருச்சு. அடுத்த வாரமும் வருதான்னு பாப்போம். வரலன்னா வாரேன்.”

“வாரா வாரம் லாரி வந்துச்சா இல்லையான்னு நான் லீவு போட்டுட்டு வந்து பாக்கவா?”

“நீ எதுக்கு வரணும்? ஒங்கப்பா எழுதிப் போடுவாக.”

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் எழுதுவேன் என்பது இன்னும் பழகவில்லை. நான் எழுந்து போய், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிற இடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று விசாரிக்கச் செருப்பைத் தேடினேன். கண்ணில் தூசி. செருப்பு காலிலேதான் இருந்தது.

இப்போது எனக்குச் சனிக்கிழமை வேலை ஒன்று வந்துவிட்டது. கொட்டகைக்குப் போய் நிற்க வேண்டும், லாரி ஏறிப் போகிற வரை பார்க்க வேண்டும், வந்து உட்கார்ந்து ‘லாரி வந்தது, அம்மா இங்கேதான் இருக்கிறாள்’ என்று மகளுக்கு எழுத வேண்டும். இதை அப்படியே செல்லக்கனிக்கு வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. “அடுத்த வாரமும் இதையே எழுதுனா போதும்” என்றாள். எழுதுவேன்.